அத தூக்குங்க

ஆடி மாதத்துக் குளிரில், இலங்கை மலையகத்து நோர்வூட்டில் யாருடைய கையும் அவரவர் சொல்பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே அன்று காலை எட்டு மணிக்கு என் வலது கையிலிருந்து ஸ்குரூ டிரைவர் நழுவி விழுந்தபோது நான் குளிரைத்தான் திட்டினேன். எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை குனியச் சோம்பலாக இருந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ரேடியோ, டிவி, போன் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. பிழைப்பெல்லாம் விரல்களில். மூளையால் பிழைக்கிறேன் என்று சொல்ல ஆசைதான். நடந்ததைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இதே நோய் வந்திருக்கலாம். அதனால் என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை மரத்துப்போனால் எங்கள் மலையில் எல்லோரும் செய்யும் வைத்தியம் ஒன்றுதான், அடுப்பு. பக்கத்துச் சாப்பாட்டுக் கடை சோமு அண்ணனின் விறகடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் உள்ளேயிருந்து கேட்டார்: "தம்பி, கருவாடு ஏதும் சுடுறியா?"

கருவாடு இல்லை. என் சுண்டுவிரலின் ஓரம். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், வலி வரவில்லை. வேறு யாருடைய கையோ வேகிறது போலவும் நான் வேடிக்கை பார்க்க வந்தவன் போலவும் இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன்.

பயத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு புரளவில்லை. "அண்ணே, கை" என்று சொன்னது "அழ்ழே, ழை" என்று வெளியே வந்தது.

சோமு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ரொட்டி தின்றுகொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பதினைந்து வருடமாக அதே பெஞ்சில் உட்கார்ந்து, சம்பளத்தன்று தள்ளாடி வருகிறவர்களைப் போலப் பேசிக் காட்டி ஓசியில் பிளேன்டீ குடித்தவன் நான்.

"இன்னைக்கு அசலா வருது தம்பி. இன்னொருக்கா சொல்லு" என்றார் அண்ணன்.

இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் நன்றாகச் சிரித்தார்கள்.

கடைக்குத் திரும்பிக் கையைக் கம்பளித் தொப்பிக்குள் நுழைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். சூடேறினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஓர் ஆட்டோக்காரர் என்னைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கொண்டுபோய் இறக்கினார். அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

என் மனைவி ஜெயமணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். நான் ஒரு காலை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, "என்னங்க, பட்டப்பகல்ல பகிடியா" என்று தேத்தண்ணியை நீட்டினாள். இடது கையால் வாங்கிக் குடித்தேன். பாதி உள்ளே போனது. மீதி வலது பக்க வாயோரமாக ஒழுகித் தாடையில் நின்று சட்டையில் சொட்டியது.

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "பகிடின்னா இந்நேரம் வாயத் தொடச்சிருப்பீங்க" என்றாள். சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

கொழுந்து ஏற்றி வந்த லொறியை மறித்து, பச்சைக் கொழுந்து மூட்டைகளின் மேல் என்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஸ்கேன் (மூளையை உள்ளே படம் பிடிப்பது) எடுத்தார்கள். பாரிசவாதம் என்றார் டொக்டர். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. மூளையின் இடது பக்கம் அடைத்தால் உடம்பின் வலது பக்கம் நின்றுபோகுமாம். வயரிங்கில் இப்படிக் குறுக்கே கோடு போட்டவனைக் கண்டால் நான் திட்டியிருப்பேன்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று டொக்டர் கேட்டார்.

எட்டு விரல் காட்டவேண்டும். இடது கையால் ஐந்து காட்டினேன். பிறகு மூன்று காட்டினேன்.

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று தாண்டியிருந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது என்றும், தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் வந்தால்தான் அதைப் போட முடியும் என்றும் ஜெயாவிடம் மெதுவாகச் சொன்னார். அந்த நாலரை மணித்தியாலத்தில் நான் அடுப்பில் குளிர் காய்ந்தேன், மூன்று பேரைச் சிரிக்கவைத்தேன், தொப்பிக்குள் கையை வைத்துத் தூங்கினேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் குளிர் என்று சொல்லாதீர்கள். சிரிக்கிறவர்களை விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

நாலாம் நாள் டொக்டர் சொன்னார்: "கால் வந்துரும். பேச்சும் வந்துரும். கை… பார்ப்போம்."

இந்தப் 'பார்ப்போம்' எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். இனி எழும்பவே எழும்பாத டிவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரும் ஆளிடம் நானும் அதைத்தான் சொல்லுவேன். சொல்லிவிட்டு அந்த டிவியைப் பின்னால் சாக்கில் போடுவேன். அன்று முழுவதும் என்னை யாரோ சாக்கில் போடுவது போலவே இருந்தது.

நாக்கு கொஞ்சம் புரளத் தொடங்கியதும் வார்டுக்கு இயன் மருத்துவர் (உடற்பயிற்சியால் தசைகளைப் பழக்குபவர்) வந்தார். சிங்களப் பெண்மணி, எங்களுக்காகத் தமிழையும் சிங்களத்தையும் கலந்து பேசுவார்; ஐயா என்பதை மாத்தயா என்பார். கட்டிலருகே நின்று சொன்னார்: "மாத்தயா, அத தூக்குங்க."

"எத மிஸ்?"

"அத."

"எத?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. போர்வையின் மேல் கிடந்த என் வலது கையைத் தூக்கிக் காட்டி, "மே அத" என்றார். 'இந்தக் கை' என்று அர்த்தம். சிங்களத்தில் கைக்கு அத என்றுதான் பெயர். முப்பது வருடமாகப் பஜாரில் சிங்களம் பேசுகிற எனக்கு அது தெரியாதா? அன்று மூளை தமிழில் மட்டும்தான் கேட்டது. அத. அதோ கிடக்கிற அது.

அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அதை என் கை என்று நான் சொல்லவில்லை. "ஜெயா, அத எடுத்து மடியில வை." "அத போர்வைக்குள்ள விடு." பகிடி என்று அவள் நினைத்தாள். உண்மையில் எனக்கு அதைப் பார்க்கவே பயம். காலையில் கண் விழிப்பதற்கு முன்னால் ஒரு கணம் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஒரு பாரம் பக்கத்தில் கிடப்பது தெரியும்.

ஜெயா பயிற்சிக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு நடக்கும். வேலைக்கு வந்தவர்களைக் கங்காணி பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார். வந்தவருக்கு ஒரு நாள் கூலிக்கணக்காகப் பேர் விழும், அரை நாள் செய்தால் அரைப்பேர். அவள் தன் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் என் விரல்களுக்குப் பெரட்டு வைத்தாள்.

"கட்டையரே, வாங்க. சுட்டி, வந்திட்டீங்களா. நடுவரு எங்க. மோதிரம், சுண்டு, ரெண்டு பேருக்கும் தனியா வெத்தல பாக்கு வைக்கணுமா."

ஒருத்தரும் வரவில்லை.

"பரவால்ல. மிஸ் சொன்னமாதிரி மணிக்கு ஒருதடவ நீங்களே கூப்பிடுங்க. பின்னேரம் வந்து கேப்பேன்" என்று கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

முதல் சில நாட்கள் கூப்பிட்டேன். பெருவிரலைப் பார்த்து, அசை என்று உள்ளுக்குள் சொல்லுவேன். வியர்த்துக் கொட்டும். அது அசையாது. மணிக்கு ஒரு தடவை தோற்பதற்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அவ்வளவு இல்லை. கூப்பிடாமல் இருந்தால் அது வராது என்று யாரும் நிரூபிக்க முடியாது. நான் கூப்பிடுவதை நிறுத்தினேன்.

அதற்குப் பதிலாகச் சாக்கைத் திறந்தேன்.

கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த மூன்று சாக்கு ஓட்டை உடைசல். பழைய பிரிண்டர்கள், டிவிடி பிளேயர்கள், லொறி வைப்பர் மோட்டார் ஒன்று, டிவி அன்டெனாக் குழாய்கள். ஒரு கை போனால் இன்னொரு கை செய்துகொள்வேன் என்று முடிவு கட்டினேன். வீரம் இல்லை இது. பயந்தவன் இருட்டில் பாட்டுப் பாடுவது மாதிரி.

என் இடது கை ஒரு பாதி. ஜெயா மறு பாதி. பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் எனக்கு வலது கையாக உட்கார்ந்தாள். ஈயக் கம்பியைப் பிடிப்பாள், நான் சூடேறிய இரும்பால் தொட்டுப் பற்றவைப்பேன். நாள் முழுவதும் கொழுந்து எடுத்த விரல்கள். எள் அளவு ஆணியைக்கூட முதல் தடவையிலேயே எடுக்கும்.

"இதுல எது கொழுந்து, எது முத்தல்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்" என்பாள்.

அன்டெனாக் குழாய் முழங்கை ஆனது. வைப்பர் மோட்டார் அதை மடக்கி நீட்டியது. உடைந்த குடையின் கம்பிகள் மூன்று விரலாயின. சைக்கிள் பிரேக் கம்பிகள் நரம்பு. டிவிடி தட்டை வெளியே தள்ளும் சின்ன மோட்டார் அந்த நரம்பை இழுத்து விரலை மூடியது. விரல் நுனிக்கு என் பழைய ரப்பர் செருப்பு. மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று, இடது கையால் அமுக்க நாலு பொத்தான். கம்ப்யூட்டர் மூளை எதுவும் கிடையாது. என் மூளையையே நம்பியிருந்தது, பாவம்.

முதல் நாள் பற்றரியின் கூட்டலையும் கழித்தலையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாய்க்கு வரவேண்டிய கரண்டி எதிர்ப்பக்கம் வீசி, ஜெயாவின் தலையில் சோற்றைக் கொட்டியது. அடுத்த வாரம் ஒரு தகரக் கோப்பையைப் பிடித்து, நடுங்கி நடுங்கித் தூக்கி, பிளேன்டீயை என் வாய்வரைக்கும் கொண்டுவந்தது. லயமே கூடி நின்று பார்த்தது. சோமு அண்ணனும் வந்திருந்தார். அன்று சிரித்ததற்குப் பிறகு அவர் என் முகத்தை நேரே பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"இதுக்கு என்னா பேரு தம்பி?"

"அது அத" என்று மடியில் கிடந்ததைக் காட்டினேன். "இது இத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசையில் திருகி வைத்திருந்த தகரம் இத. என் தோளிலிருந்து தொங்கிய சதை அத.

பின்னேரம் ஜெயா வந்து, "இன்னைக்கு எத்தன பேரு வந்தாங்க?" என்று கேட்பாள். "அஞ்சு பேரும் லேசா வந்தாங்க" என்பேன். காலையில் ஏன் வருவதில்லை என்றால், "குளிர்ல வரமாட்டாங்க, பத்து மணிக்கு மேலதான்" என்பேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டால், "இன்னைக்கு லீவு." குளிர் என்று சொல்லிக் கையைக் காலுக்குப் போடும் மேஸ் உறைக்குள் போட்டு மூடியே வைத்திருந்தேன். இப்படி ஆறு வாரம்.

கிளினிக் நாளில் மிஸ் அந்த மேஸைக் கழற்றினார். கை முஷ்டியாக இறுகியிருந்தது. தசை இறுக்கம் (அசைக்காத தசை தானாகச் சுருங்கிக் கட்டையாவது) என்றார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கையில் நாலு நகமும் புதைந்து நாலு புண், ஒன்றில் சீழ். எனக்கு வலி தெரியவில்லை.

"வீட்டில பயிற்சி செய்றதா?" என்று மிஸ் ஜெயாவைக் கேட்டார்.

"தெனமும் அஞ்சு பேரும் வர்றாங்களாம் மிஸ்" என்றாள் ஜெயா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

நான் இத-வின் பெருமையைச் சொல்லித் தப்பப் பார்த்தேன். போனில் படமும் காட்டினேன். மிஸ் நன்றாகப் பார்த்தார், சரி சரி என்பதற்கு ஹரி ஹரி என்று தலையாட்டினார். பிறகு தன் கலப்படத் தமிழில் சொன்னார்: "மாத்தயா, இத வேலை செஞ்சா அத தூங்கும்." வேலை கொடுக்காத கையை மூளை மெல்ல மெல்ல மறந்துவிடும் என்பது அதன் பொருள். தமிழ் தெரிந்த யாரும் அதை அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது.

பஸ்ஸில் ஜெயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி தூரம் வந்த பிறகு, திரும்பாமலே கேட்டாள்: "ஆறு வாரமாக் கள்ளப் பேரா போட்டீங்க?"

வேலைக்கு வராத ஆளை வந்ததாகக் காட்டுவது கள்ளப் பேர். தோட்டத்தில் அதைவிடக் கேவலமான குற்றம் குறைவு. நான் ஒரு பகிடி தேடினேன்.

"பயமா இருந்துச்சு ஜெயா" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லியா" என்றாள். "வரலன்னா வரலன்னு சொல்லுங்க. வராத ஆளத் தேடிப் போலாம். வந்துட்டான்னு சொல்லிட்டா யாரு தேடுறது?"

வீட்டுக்கு வந்து இத-வின் மூன்று குடைக்கம்பி விரல்களையும் கழற்றினேன். பிரேக் கம்பிகளின் நுனியில் துணிப் பட்டியால் வளையம் போட்டேன். அவற்றை என் சொந்த விரல்களில் மாட்டி, மோட்டார் இழுத்தால் இறுகிய விரல் மெல்லத் திறக்கும்படி அமைத்தேன். படம் வரைந்து மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் கேட்ட பிறகே தொட்டேன். நீங்களும் உங்கள் மிஸ்ஸைக் கேட்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். வைப்பர் மோட்டார் வேண்டாம், அது விரலை முறிக்கும், சின்ன மோட்டார் போதும் என்றார். "வலிச்சா உடனே நிப்பாட்டுங்க" என்றார்.

வலித்தால்தானே நிறுத்துவது? நெருப்பில் வெந்தபோதே சொல்லாத கை, விரல் முறிந்தால் சொல்லுமா? மேசையில் கையை வைத்து, வளையத்தை மாட்டி, ஜெயாவிடம் பொத்தானைக் கொடுத்துவிட்டு, "வேணாம், நாளைக்குப் பாப்போம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் அவள் என் சுட்டுவிரலில் இருந்த வளையத்தைத் தளர்த்தினாள். தன் இடது சுட்டுவிரலை என் விரலோடு சேர்த்து அதே வளையத்துக்குள் நுழைத்தாள். இரண்டையும் சேர்த்து இறுக்கினாள்.

"எனக்கு வலிச்சா நிப்பாட்டுறேன்" என்று பொத்தானை அமுக்கினாள்.

மோட்டார் முனகியது. இரண்டு விரல்களும் சேர்ந்து நிமிர்ந்தன. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்கியதும் நிறுத்தினாள். அன்றிலிருந்து தினமும் மலையிலிருந்து வந்து கை கழுவியதும் அந்த வளையத்துக்குள் விரலை விட்டாள். கொழுந்துக் கறை படிந்து வெடித்த விரல். ஒருநாள் சுட்டு, ஒருநாள் நடு, ஒருநாள் மோதிரம். எனக்காக அவள் வலித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். அதில் மட்டும் எனக்கு முழுப்பேர்.

காலையில் பெரட்டுக் கூப்பிட்டாள். "யாரும் வரல" என்று சொல்லப் பழகினேன்.

எத்தனையாவது வாரம் என்று நினைவில்லை. வெளியே மழை. மோட்டார் முனகியது. விரல்கள் பாதிகூட நிமிரவில்லை. சுட்டுவிரலின் அடியில், வெகு தூரத்தில், யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. அடுத்த வீட்டுக் கதவு என்று நினைத்தேன். மறுபடியும் தட்டியது.

"நிப்பாட்டு" என்றேன்.

அவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் வலிக்கலியே."

"எனக்கு வலிக்குது."

அவள் பொத்தானைக் கீழே வைக்கவில்லை. நான் பகிடி பண்ணுகிறேனா என்று என் வாயைத்தான் பார்த்தாள். வாயோரம் எச்சில் ஒழுகியது. நான் துடைக்கவில்லை. அப்புறம்தான் நம்பினாள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. நல்ல செய்தியோடு முடிக்கலாம் என்றால் கள்ளப் பேர் ஆகிவிடும். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். கட்டையர், சுட்டி, நடுவர் மூவரும் ஒழுங்காக வருகிறார்கள். மோதிரம் அரைப்பேர். சுண்டு, அன்று அடுப்பில் வெந்தவர், கோபம் தீராமல் எப்போதாவது தலைகாட்டுகிறார். ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க முடிகிறது, முறுக்க முடியவில்லை. கடையை அரை நாள் திறக்கிறேன். பிரஷர் மாத்திரையும் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் தினமும். இன்னொரு அடைப்பு வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வராமலும் போகலாம். பார்ப்போம்.

சோமு அண்ணன் கடையில் இப்போது நான் குடிகாரன் போலப் பேசிக் காட்டுவதில்லை. ஒருநாள் இருமல் வந்து வார்த்தை குழறியபோது அவர் கையிலிருந்த ரொட்டித் தட்டத்தைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துப் பார்க்கிறேன், இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா என்று. மற்றவர்களைச் சிரிக்கவைத்தவனுக்கு இப்போது தன் சிரிப்பே பரிசோதனை.

மறுபடியும் ஆடி வந்துவிட்டது. காலையில் மலை ஊற்றிலிருந்து வழியும் பீலித் தண்ணீரில் முகம் கழுவும்போது இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுகிறேன். இடது கை உடனே குளிர் என்கிறது. வலது கை ஒன்றும் சொல்லாது. அந்த இடைவெளி ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஸ்குரூ டிரைவர் விழுகிறது, கருவாடு மணக்கிறது, சுவர் மணிக்கூட்டில் மூன்று தாண்டுகிறது. நான் தண்ணீருக்குள் கையை வைத்தபடியே காத்திருக்கிறேன்.

ஜெயா கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்கிறாள்: "வந்துட்டாங்களா?"

குளிர் மணிக்கட்டில் ஏறி, உள்ளங்கையின் நாலு தழும்பையும் தாண்டி, ஒவ்வொரு விரலாக மெதுவாக நடந்து வரும்வரை பொறுத்திருக்கிறேன்.

"இப்பதான் வர்றாங்க" என்று வலது கையைத் தூக்கிக் காட்டுகிறேன். "இத பாரு."